மெய்நிகர் இயந்திரப் பிணைய இயக்கிகளில் நினைவக இடையகப் பாதுகாப்பு

மெய்நிகர் இயந்திரப் பிணைய இயக்கிகளில் நினைவக இடையகப் பாதுகாப்பு என்பது, ஒரு மெய்நிகர் இயந்திரமும் அதனைத் தாங்கி நிற்கும் கணினியும் பிணையப் பொதிகளைப் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் நினைவகப் பகுதிகளில், ஒதுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே எதுவும் எழுதப்படாமலும் வாசிக்கப்படாமலும் காப்பதைக் குறிக்கும். பஃபர் என்று பரவலாக வழங்கப்படும் இத்தகைய தற்காலிக நினைவகப் பகுதி, தமிழில் இடையகம் எனப்படுகின்றது.

மேகக் கணிமையில் ஒருவருக்கொருவர் அறிமுகமற்ற பல வாடிக்கையாளர்களின் மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே வன்பொருளில் இயங்குகின்றன. அவற்றைப் பிரித்து வைக்கும் சுவரில் பிணைய இடையகம் ஒரு வாசல் போன்றது. அதனை மூடிவிட்டால் இயந்திரத்திற்குப் பிணைய இணைப்பு இல்லை. திறந்து வைத்தால் ஒவ்வொரு பொதியுடனும் மறுதரப்பு எழுதிய எண்களும் உள்ளே வருகின்றன. 2015 முதல் 2025 வரை வெளிவந்த குறிப்பிடத்தக்க வழுக்களுள் பெரும்பாலானவை, மறுதரப்பு தரும் எண்ணை எந்த அளவுக்கு, எந்தக் கணத்தில் நம்புவது என்ற ஒரே வினாவிலிருந்து எழுந்தவை ஆகும்.

பின்னணி

மெய்நிகர் இயந்திரத்துள் இயங்கும் இயக்குதளம் விருந்தினர் எனவும், அதனைத் தாங்கும் கணினி புரவலர் எனவும் அழைக்கப்படுகின்றன. புரவலரில் இருந்துகொண்டு விருந்தினர்களை நிர்வகிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர் ஆகும். ஸென், கேவிஎம், விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஆகியன பரவலாக அறியப்பட்ட ஹைப்பர்வைசர்கள்.

விருந்தினருக்குப் பிணைய அட்டை ஒன்றை மென்பொருளால் அளிப்பதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சந்தையில் இருந்த உண்மையான ஓர் அட்டையை மென்பொருளால் அப்படியே நடித்துக் காட்டுவது. ஏஎம்டி பிசிநெட், ரியல்டெக் ஆர்டிஎல்8139, இன்டெல் ஈ1000 ஆகிய அட்டைகள் இவ்வாறு போலச் செய்யப்படுகின்றன. பழைய இயக்குதளங்களும் கூடுதல் மென்பொருள் இன்றி இவற்றைப் பயன்படுத்தலாம் என்பது இம்முறையின் நன்மை. வேகக் குறைவு இதன் குறை.

இரண்டாவது வழியில், தான் மெய்நிகர் இயந்திரத்துள் இருப்பதை விருந்தினர் அறிந்தே ஒத்துழைக்கின்றது. விருந்தினருள் முன்முனை இயக்கி ஒன்றும், புரவலரில் பின்முனை ஒன்றும் இயங்கி, பொது நினைவகம் வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஸென் பிணைய இயக்கிகள், விஎம்வேரின் விஎம்எக்ஸ்நெட்3, ஹைப்பர்-வியின் நெட்விஎஸ்சி, லினக்ஸ் உலகின் விர்ட்ஐஓ ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. விர்ட்ஐஓவை ரஸ்டி ரசல் வடிவமைத்தார். 2008 இல் வெளியான லினக்ஸ் 2.6.24 கருனியில் அது இடம்பெற்றது. அதன் பின்முனையைக் கருனிக்குள்ளேயே இயக்கி வேகத்தைக் கூட்டும் விஹோஸ்ட்-நெட், 2010 இல் 2.6.34 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

செயற்படும் முறை

விர்ட்ஐஓவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விருந்தினர் தன் நினைவகத்தில் வளையம் எனப்படும் ஒரு பட்டியலை அமைக்கின்றது. அதன் மரபான வடிவில் ஒவ்வொரு விவரிப்பும் 16 பைட்டுகள் கொண்டது: இடையகத்தின் முகவரிக்கு 8, நீளத்திற்கு 4, கொடிகளுக்கு 2, அடுத்த விவரிப்பைச் சுட்டும் எண்ணுக்கு 2. பொதியை அனுப்பும்போது விருந்தினர் விவரிப்பை நிரப்பி வளையத்தில் வைக்கும். புரவலர் அதனைப் படித்து, முகவரியில் உள்ள தரவை எடுத்து, வெளிப் பிணையத்திற்கு அனுப்பும். பொதி வரும்போது, விருந்தினர் முன்கூட்டியே வைத்திருக்கும் வெற்று இடையகத்தில் புரவலர் தரவை எழுதி, எத்தனை பைட்டுகள் எழுதப்பட்டன என்பதை வளையத்தில் குறித்துவைக்கும்.

இங்கு இரு தரப்பும் மற்றவர் எழுதிய எண்ணைப் படித்தே வேலை செய்கின்றன. அனுப்புகையில் முகவரியும் நீளமும் விருந்தினர் தந்தவை. பெறுகையில் எழுதப்பட்ட அளவு புரவலர் தந்தது. சி நிரல்மொழியில் ஓர் அணியின் எல்லையை மொழி தானாகச் சோதிப்பதில்லை. எனவே தவறான எண் ஒன்று சோதனையின்றிப் பயன்படுத்தப்பட்டால், தரவு அடுத்துள்ள நினைவகத்தின் மேல் எழுதப்படுகின்றது. இது இடையக வழிதல் எனப்படும். எல்லைக்கு அப்பால் வாசிக்கப்பட்டால் பிறருடைய தரவு கசிகின்றது.

வழுக்களின் வகைகள்

எல்லைச் சோதனையில் குறை

கியூஈஎம்யூ மென்பொருள் போலச் செய்யும் பிசிநெட் அட்டையில் 2015 ஆம் ஆண்டு சில வழுக்கள் அறியப்பட்டன. அட்டையின் இடையகம் 4096 பைட்டுகள் கொண்டது. ஒரே பொதியைப் பல துண்டுகளாக அனுப்ப அட்டை இடம் கொடுக்கின்றது. ஒவ்வொரு துண்டும் அளவுக்குள் இருந்தாலும், அவற்றின் கூட்டுத்தொகை 4096 ஐத் தாண்டக்கூடும் என்பது கவனிக்கப்படவில்லை. இது சிவிஈ-2015-3209 என்ற எண்ணால் குறிக்கப்படுகின்றது.

மற்றொரு வழு (சிவிஈ-2015-7504) இதனினும் நுட்பமானது. அட்டை தனக்குத் தானே பொதி அனுப்பிச் சோதிக்கும் நிலையில், பொதியின் இறுதியில் 4 பைட்டுச் சரிபார்ப்பு எண் ஒன்று சேர்க்கப்படும். பொதி சரியாக 4096 பைட்டுகளாக இருந்தால் அந்த 4 பைட்டுகளும் இடையகத்துக்கு வெளியே விழுந்தன. நிரலின் தரவமைப்பில் அங்கே இருந்தது, குறுக்கீட்டுச் செயலைக் கண்டறிய உதவும் நினைவகச் சுட்டி ஆகும். அதனை மாற்ற முடிந்தவர், புரவலரில் இயங்கும் நிரலின் போக்கையே மாற்ற வல்லவர் ஆனார். 4 பைட்டுப் பிழை சிறியதாயினும், அடுத்து என்ன இருக்கின்றது என்பதே விளைவைத் தீர்மானித்தது.

எண் கணக்குப் பிழை

குறியற்ற முழுவெண்களில் சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் எதிர்ம எண் கிடைப்பதில்லை. மிகப் பெரிய எண் கிடைக்கின்றது. 16 பிட்டு எண்ணில் 19 இலிருந்து 20 ஐக் கழித்தால் விடை 65535 ஆகும். ஆர்டிஎல்8139 அட்டையின் போலச்செயலில் இருந்த சிவிஈ-2015-5165 வழு இத்தகையது. ஐபி பொதியின் மொத்த நீளத்திலிருந்து தலைப்பகுதியின் நீளத்தைக் கழித்து உள்ளடக்க நீளம் கணக்கிடப்பட்டது. தலைப்பகுதியை விட மொத்தம் சிறியது என்று பொய் சொல்லும் பொதி ஒன்றை விருந்தினர் ஆக்கினால், ஏறத்தாழ 64 கிலோபைட்டு அளவுக்குப் புரவலரின் நினைவகம் பொதிகளாக விருந்தினருக்கே திரும்பி வந்தது.

2018 நவம்பரில் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் ஈ1000 அட்டையில் இருந்த முழுவெண் வழு ஒன்றை ஆய்வாளர் ஒருவர் முன்னறிவிப்பின்றிப் பொதுவில் வெளியிட்டார். மாணவர்கள் பலரும் பயன்படுத்தும் அம்மென்பொருளின் இயல்பான அமைப்பிலேயே அந்த வழு செயற்படுவதாக இருந்தது. பின்னர் வெளியான பதிப்பில் அது திருத்தப்பட்டது.

இரட்டை வாசிப்பு

பொது நினைவகத்தில் உள்ள எண்ணை ஒரு முறை வாசித்துச் சோதித்துவிட்டு, பயன்படுத்துவதற்காக மறுமுறை வாசித்தால், இடைப்பட்ட கணத்தில் மறுதரப்பு அதனை மாற்றிவிடலாம். சோதனையின்போது 100 ஆக இருந்த நீளம், பயன்பாட்டின்போது 60000 ஆகிவிடும். இது இரட்டை வாசிப்பு எனப்படுகின்றது.

2015 டிசம்பரில் ஸென் திட்டம் வெளியிட்ட எக்ஸ்எஸ்ஏ-155 அறிவிப்பு, இவ்வகையின் வியப்பூட்டும் வடிவத்தை வெளிப்படுத்தியது. நிரலர் மூல நிரலில் எண்ணை ஒரே முறைதான் வாசித்திருந்தார். ஆனால் மூல நிரலை இயந்திர மொழியாக மாற்றும் தொகுப்பி, அந்த நினைவகத்தை வேறு யாரும் மாற்றமாட்டார் என்று கொண்டு, இரண்டாம் முறையும் அதே இடத்திலிருந்து வாசிக்கும் கட்டளையை உருவாக்க இடம் இருந்தது. எனவே மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் வழு கண்ணில் படாது. வளையத்தில் உள்ள வேண்டுகோளை முதலில் தனியார் நினைவகத்திற்குப் படியெடுத்து, படியை மட்டுமே சோதித்துப் பயன்படுத்துவது தீர்வாக ஏற்கப்பட்டது.

திருத்தத்தால் விளைந்த வழு

லினக்ஸ் பிணைய அடுக்கின் பிற பகுதிகள், பொதியின் தலைப்பகுதிகள் அனைத்தும் ஒரே தொடர் நினைவகத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கின்றன. ஸென் விருந்தினர் ஒன்று தலைப்பகுதியைத் துண்டுகளாகப் பிரித்து அனுப்பினால் சில உண்மையான பிணைய அட்டைகள் நிலைகுலைந்தன. 2022 டிசம்பரில் எக்ஸ்எஸ்ஏ-423 அறிவிப்புடன் இதற்குத் திருத்தம் வந்தது. அத்திருத்தம், முழுப் பொதியும் மிகச் சிறியதாக இருந்தும் நெறிமுறை இசையும் உச்ச எண்ணிக்கையில் துண்டுகளாக வரக்கூடும் என்ற அரிய நிலையைக் கணக்கில் கொள்ளவில்லை. விளைவு, புரவலரின் பின்முனையில் இடையக வழிதல். 2023 ஆகஸ்டில் எக்ஸ்எஸ்ஏ-432 அறிவிப்பு அதனைச் சரிசெய்தது. பாதுகாப்புத் திருத்தமே புதிய வழுவுக்குக் காரணமானது என்பதால் இந்நிகழ்வு பாடமாகக் கருதத்தக்கது.

அண்மைக்கால நிகழ்வுகள்

2019 செப்டம்பரில் டென்சென்ட் நிறுவனத்தின் பிளேட் குழு, விஹோஸ்ட்-நெட்டில் இருந்த சிவிஈ-2019-14835 வழுவை வெளிப்படுத்தியது. மெய்நிகர் இயந்திரம் நிறுத்தப்படாமல் ஒரு புரவலரிலிருந்து மற்றொன்றுக்கு இடமாற்றப்படும்போது, நினைவகத்தின் எப்பகுதிகள் மாறின என்பது பதிவு செய்யப்படுகின்றது. அந்தப் பதிவுக்கான அணியின் எல்லை, நீளம் தவறாகக் குறிக்கப்பட்ட விவரிப்புகளால் மீறப்பட்டது. 2.6.34 பதிப்பில் விஹோஸ்ட்-நெட் சேர்ந்த நாள் முதல், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்த வழு நிரலில் இருந்தது. பின்முனை கருனிக்குள் இயங்குவதால், தாக்குதல் வென்றால் புரவலரின் கருனியே தாக்குநர் கைக்குப் போகும் நிலை இருந்தது.

2021 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட், ஹைப்பர்-வியின் மெய்நிகர் இணைப்பியில் இருந்த சிவிஈ-2021-28476 வழுவைத் திருத்தியது. கார்டிகோர், சேஃப்பிரீச் நிறுவனங்களின் ஆய்வாளர்கள், ஒழுங்கற்ற உள்ளீடுகளைத் தானியங்கியாக அனுப்பிச் சோதிக்கும் கருவி ஒன்றினால் அதனைக் கண்டறிந்தனர். விருந்தினர் அனுப்பிய செய்தியில் இருந்த நினைவகச் சுட்டி, சரிபார்க்கப்படாமலேயே பின்தொடரப்பட்டது. கடுமை அளவுகோலில் அவ்வழு 10 க்கு 9.9 பெற்றது.

2025 மே மாதம் பெர்லின் நகரில் நடைபெற்ற போன்டுஓன் போட்டியில், ஸ்டார்லேப்ஸ் குழுவினர் ஒரே ஒரு முழுவெண் வழிதலைக் கொண்டு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசரை முறியடித்து 1,50,000 அமெரிக்க டாலர் பரிசு பெற்றனர். வழு விஎம்எக்ஸ்நெட்3 மெய்நிகர் பிணைய அட்டையில் இருந்தது. ஜூலை 2025 இல் சிவிஈ-2025-41236 என்ற எண்ணுடன், 9.3 என்ற கடுமை மதிப்பெண்ணுடன் திருத்தம் வெளியிடப்பட்டது. வேறு வகை மெய்நிகர் அட்டைகள் இவ்வழுவால் பாதிக்கப்படவில்லை.

இத்தகைய அறிவிப்புகள் பலவற்றில், தாக்குநருக்கு விருந்தினருள் நிர்வாகி உரிமை தேவை என்ற குறிப்பு காணப்படும். ஓர் அலுவலகத்தின் சொந்தக் கணினிகளில் இது உண்மையான தடை. மேகக் கணிமையில் அப்படியன்று. அங்கு மெய்நிகர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொருவரும் அதன் நிர்வாகியே ஆவார். எனவே அக்குறிப்பைப் படிப்பவர், எந்தச் சூழலில் இயந்திரம் இயங்குகின்றது என்பதையும் சேர்த்துக் கருத வேண்டும்.

நம்பிக்கையின் திசை மாற்றம்

நெடுங்காலம் ஆய்வுகளின் கவனம் விருந்தினரிடமிருந்து புரவலரைக் காப்பதிலேயே இருந்தது. புரவலர் நினைத்தால் விருந்தினரின் முழு நினைவகத்தையும் எப்படியும் படிக்கலாம் என்பதால், புரவலரிடமிருந்து விருந்தினரைக் காப்பது பொருளற்றது எனக் கருதப்பட்டது. விருந்தினரின் இயக்கிகளும் அதற்கேற்பவே எழுதப்பட்டன.

ஏஎம்டியின் செவ்-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் ஆகிய தொழினுட்பங்கள் இந்நிலையை மாற்றின. இவை விருந்தினரின் நினைவகத்தை வன்பொருளிலேயே மறையாக்கம் செய்து, புரவலராலும் படிக்க இயலாதபடி வைக்கின்றன. ஆயினும் பிணையப் பொதிகளுக்கான இடையகங்கள் இரு தரப்பும் அணுகும்படி பகிரப்பட்டே ஆக வேண்டும். முன்னர் பொருட்படுத்தப்படாத விருந்தினர்ப் பக்க வழு, இதனால் பாதுகாப்பு வழுவாக மாறியது. புரவலர் தரும் நீளத்தை நம்பிய ஒவ்வொரு வரியும் மறுபரிசீலனைக்கு உரியதாயிற்று.

2021 இல் லினக்ஸின் ஹைப்பர்-வி பிணைய இயக்கி, வரும் செய்திகளைப் பொது இடையகத்திலிருந்து தனியார் நினைவகத்திற்குப் படியெடுத்த பின்னரே ஆராயும்படி மாற்றப்பட்டது. அதே ஆண்டு விர்ட்ஐஓவின் பொதுப் பகுதியில், சாதனம் தெரிவிக்கும் நீளம் ஒதுக்கிய அளவுக்குள் உள்ளதா என்று சரிபார்க்கும் நிரல் சேர்க்கப்பட்டது. ஆனால் அது திரும்பப் பெறப்பட்டது. நீளத்தைத் தவறாகவே தெரிவித்துவரும் பழைய சாதனங்கள் பல இருந்ததும், சோதனையை இயக்கியவுடன் அவை செயலிழந்ததுமே காரணம். இத்தனை காலம் யாரும் அந்த எண்ணைச் சோதிக்காததால், அது தவறாக இருந்ததும் யாருக்கும் தெரியவில்லை. 2025 ஆம் ஆண்டிலும், விர்ட்ஐஓ பிணைய இயக்கியில் பெறப்பட்ட நீளத்தை ஒதுக்கிய அளவுடன் ஒப்பிடும் விடுபட்ட சோதனைகள் தனித்தனியே சேர்க்கப்பட்டு வந்தன.

தடுப்பு முறைகளும் அவற்றின் எல்லைகளும்

படியெடுத்துச் சோதித்தல்: பொது நினைவகத்தில் உள்ளதை ஒரே முறை படியெடுத்து, படியை மட்டும் பயன்படுத்துவது இரட்டை வாசிப்பைத் தடுக்கின்றது. ஆனால் பொதியின் உள்ளடக்கம் முழுவதையும் படியெடுத்தால் வேகம் குறைகின்றது. படியெடுப்பைத் தவிர்ப்பதே பல பிணைய இயக்கிகளின் வேகத்திற்கு அடிப்படை என்பதால், பாதுகாப்பும் வேகமும் இங்கு நேருக்கு நேர் மோதுகின்றன.

நினைவகப் பாதுகாப்புள்ள நிரல்மொழிகள்: ரஸ்ட் நிரல்மொழி அணி எல்லைகளைச் சோதிக்கின்றது. அமேசான் 2018 இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர் ரஸ்டில் எழுதப்பட்டது. கியூஈஎம்யூவும் 2024 டிசம்பரில் வெளியான 9.2 பதிப்பில் ரஸ்டில் எழுதிய சாதனங்களைச் சோதனை முறையில் ஏற்கத் தொடங்கியது. எனினும் விருந்தினரின் நினைவகம் மொழியின் காவலுக்கு வெளியே உள்ளது. அதனைத் தொடும் இடத்தில், பாதுகாப்பற்றது என்று குறிக்கப்பட்ட நிரற்பகுதி தேவைப்படுகின்றது. 2019 இல் ஃபயர்கிராக்கரின் விசாக் சாதனத்தில் இடையக வழிதல் (சிவிஈ-2019-18960) கண்டறியப்பட்டது. மொழி ஆபத்தான பரப்பைச் சுருக்குகின்றது, முற்றாக நீக்குவதில்லை.

பின்முனையைத் தனிமைப்படுத்தல்: பின்முனையைக் கருனியிலிருந்து வெளியே எடுத்து, குறைந்த உரிமையுள்ள தனி நிரலாக இயக்கினால், வழிதல் நிகழ்ந்தாலும் சேதம் அந்நிரலோடு நிற்க வாய்ப்புண்டு. இதற்கும் வேகத்தில் ஒரு விலை கொடுக்க வேண்டியுள்ளது.

தேவையற்ற சாதனங்களை நீக்கல்: பிசிநெட், ஆர்டிஎல்8139 போன்ற பழைய அட்டைகளின் நிரல், விருந்தினருக்குத் தேவையில்லாதபோது இணைக்கப்படாமல் இருப்பதே நன்று. செலவில்லாத தடுப்பு முறை இதுவாகும்.

தானியங்கிச் சோதனையும் பரிசுத் திட்டங்களும்: ஹைப்பர்-வி வழுவைக் கண்டறிந்தது போன்ற கருவிகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. கூகிள் 2024 இல் தொடங்கிய கேவிஎம்சிடிஎஃப் திட்டம், மெய்நிகர் இயந்திரத்திலிருந்து முழுமையாக வெளியேறிக் காட்டுவோருக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அறிவித்தது.

மதிப்பீடு

மேற்கண்ட வழுக்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், 2015 இல் இருந்த வகைகள் 2025 இலும் மறையவில்லை என்பது புலனாகும். முழுவெண் வழிதல் பாடநூல்களில் நெடுங்காலமாக விளக்கப்பட்டுவரும் பிழை. அதுவே 2025 இல் உலகின் முதன்மையான ஹைப்பர்வைசர்களுள் ஒன்றை வீழ்த்தப் போதுமானதாக இருந்தது. நிரலர்கள் அறியாமையால் தவறினர் என்று இதனை விளக்க இயலாது. ஸென் திருத்தத்தை எழுதியோர் இத்துறையை நன்கறிந்தவர்கள். அவர்களுக்கும் ஓர் அரிய நிலை தப்பியது.

காரணம் இடைமுகத்தின் இயல்பிலேயே உள்ளது. உண்மையான பிணைய அட்டை பழுதடையலாம், ஆனால் பொய் சொல்லத் திட்டமிடுவதில்லை. அதனை மனத்தில் கொண்டே இயக்கிகளும் நெறிமுறைகளும் முதலில் உருவாயின. மெய்நிகர் இயந்திரத்தில் அட்டையின் இடத்தில் மற்றொரு மனிதரின் நிரல் அமர்ந்துள்ளது. சாதனத்துடன் பேசுவதாக எழுதப்பட்ட நிரல், உண்மையில் எதிராளியுடன் பேசுகின்றது. விர்ட்ஐஓவில் நீளச் சோதனை திரும்பப் பெறப்பட்ட நிகழ்வு, இந்த மாற்றத்தைப் பின்னாளில் புகுத்துவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகின்றது. சோதனையற்ற எண் ஒன்றைச் சார்ந்து மென்பொருள்கள் வளர்ந்துவிட்டால், சோதனையே இடையூறாகத் தோன்றும்.

எனவே புதிய இடைமுகங்களை வடிவமைப்போர், ஒவ்வொரு எண்ணையும் யார் எழுதுகின்றார், யார் சரிபார்க்கின்றார், சரிபார்த்த பின் அது மாறக்கூடுமா என்ற மூன்று வினாக்களுக்கும் நெறிமுறையிலேயே விடை எழுதுவது இன்றியமையாதது. இயக்கிகளைப் படித்துப் பழக விரும்பும் மாணவர்களுக்கும் இம்மூன்று வினாக்களும் நல்ல தொடக்கமாக அமையும். மெய்நிகர் இயந்திர மென்பொருளைப் பயன்படுத்துவோர் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும், ஐயத்திற்குரிய மென்பொருளை மெய்நிகர் இயந்திரத்துள் இயக்குவது முழுப் பாதுகாப்பு அன்று என்பதை நினைவிற்கொள்வதும் நன்று.

இவற்றையும் பார்க்க

மெய்நிகர் இயந்திரம்
ஹைப்பர்வைசர்
இடையக வழிதல்
மேகக் கணிமை
லினக்ஸ் கருனி
ரஸ்ட் (நிரல்மொழி)